போர்க்காலப் பசியும் அரசின் அறக்கடனும்

முன்னுரை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு கற்பார் நெஞ்சை உருக்கும் பகுதியாகும். மதுரையில் தான் இரந்து பெற்றதைப் பிறர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்த அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத பாத்திரத்தை அருளினாள். பின்னர் நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகவே, அவனிடம் உணவு பெற வருவோர் இலராயினர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்பதைக் கப்பலில் வந்தோர் வாயிலாக அறிந்து, பாத்திரத்துடன் கலமேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத் தீவில் தங்கியது. ஆபுத்திரன் கரையில் இறங்கியிருந்தபோது, அவன் ஏறிவிட்டான் எனக் கருதிய மாலுமிகள் கலத்தைச் செலுத்திவிட்டனர். மனிதர் எவருமற்ற தீவில், குறையாத பாத்திரத்தைக் கையில் ஏந்தித் தனித்து நின்ற அவன், தன் ஒருவன் வயிற்றை நிரப்புவதற்காக அதனைப் பயன்படுத்த மனமில்லாதவனாய்க் கோமுகிப் பொய்கையில் விட்டான்; உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

ஈகையின் பெருமைக்குச் சான்றாகவே இக்கதையை நாம் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். அதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. உணவு இருந்தது, கொடுக்கும் மனமும் இருந்தது, பசித்தவர்கள் எங்கே இருக்கின்றனர் என்பதும் தெரிந்திருந்தது. இடையில் வழி அறுந்ததால் சாவகத்து மக்களுக்கு அப்பாத்திரத்தால் பயன் விளையவில்லை. மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவே எனக் கருதுவாரும் உளர். அதே கடற்பகுதியில், நம் காலத்திலேயே, உணவேற்றிச் சென்ற படகுகள் திருப்பி அனுப்பப்பட்டதை நாம் அறிவோம்.

போரினால் விளையும் பசியைப் போக்குவதற்கு அரசு பொருள் ஒதுக்குவது எத்தகைய கடமை, அப்பொருள் பசித்தவன் கலத்தைச் சென்றடைய எவையெவை வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிதி, வழி, எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி அரசின் உதவி உணவாக மாறாது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

முற்றுகையும் பசியும்

வறட்சியால் வரும் பஞ்சத்துக்கும் போரால் வரும் பஞ்சத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் விளைச்சல் பொய்க்கிறது. பின்னதில் விளைந்த நெல் ஓரிடத்தில் இருக்க, உண்ண வேண்டியவர் வேறிடத்தில் அடைபட்டுக் கிடக்கின்றனர். சங்கப் புலவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டபோது நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். அப்போது கோவூர்கிழார் பாடிய பாடல் புறநானூற்றில் 44ஆம் பாடலாக அமைந்துள்ளது. தீனியில்லாத யானைகளின் துயரையும், பாலின்றி அழும் குழந்தைகளையும் எடுத்துக்காட்டி, அறத்தை விரும்பினால் கதவைத் திற, மறத்தை விரும்பினால் வெளிவந்து போரிடு, இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு இருத்தல் நாணத்தக்கது என்னும் கருத்துப்பட அப்புலவர் இடித்துரைக்கிறார். வெளியே நிற்கும் பகைவனை மட்டும் குறை கூறாமல், உள்ளே இருக்கும் மன்னனுக்கும் குடிமக்களின் பசியில் பொறுப்புண்டு என்று அவர் கூறுவது ஈண்டுக் கருதத்தக்கது.

இத்தகைய முற்றுகையை நம் புதுவையும் கண்டுள்ளது. 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சு ஆளுநர் லாலியின் பொறுப்பில் இருந்த புதுச்சேரியை நிலத்திலும் கடலிலும் வளைத்தார். உணவு கிடைக்க வேண்டி லாலி மைசூரின் ஐதர் அலியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மைசூர்ப் படையினர் கால்நடைகளும் தானியமும் கொண்டுவர முயன்றனர். ஆயினும் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று நாம் பேருந்தில் கால் மணி நேரத்தில் கடந்து செல்லும் அவ்வூர், அன்று நகரத்துக்கு உணவு வரும் மேற்கு வழியின் கதவாக இருந்தது.

நவம்பர் இறுதியில், உணவு குறைந்துவிட்ட நிலையில், உள்ளூர்க் குடிமக்களுள் எஞ்சியிருந்தோரை லாலி நகரை விட்டு வெளியேற்றினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அவர்கள் ஏறத்தாழ 1,400 பேர் என ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் குறிப்பிடுகிறார். முற்றுகையிட்டோர் அவர்களைத் தம் எல்லையைக் கடக்க விடவில்லை. நகரத்தாரும் மீண்டும் உள்ளே சேர்க்கவில்லை. இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் ஏறக்குறைய ஒரு வாரம் புல்லின் வேரைத் தின்று அவர்கள் அலைந்தனர். அதன் பின்னரே வழிவிடப்பட்டனர். 1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் சரணடைந்தது. புதுவையின் வாழ்வை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இரு தரப்பு ஆவணங்களிலும் பீரங்கிகளுக்குக் கணக்குண்டு, வீரர்களுக்குக் கணக்குண்டு. வெளியேற்றப்பட்ட அக்குடிமக்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு எந்த அரசின் கணக்கிலும் எழுதப்படவில்லை. அவர்கள் எவருக்கும் குடிகளாக இல்லாமற் போயினர். போர்க்காலப் பசியின் இயல்பு இதுவேயாகும்.

நிதி: கருணையா, கடமையா?

இருபதாம் நூற்றாண்டில்தான் இப்பொறுப்பு சட்ட வடிவம் பெறத் தொடங்கியது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளும், அவற்றோடு 1977இல் சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறைகளும் குடிமக்களைப் பட்டினியிட்டுப் போர் நடத்துவதைத் தடை செய்தன. 2018ஆம் ஆண்டு மே திங்களில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 2417ஆம் எண் தீர்மானத்தின் வழி, பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்தது.

சட்டம் பட்டினியிடாதே என்று கூறுகிறது. உணவுக்கு யார் பொருள் தருவது என்னும் வினாவுக்கு அத்தகைய உறுதியான விடை இன்னும் அமையவில்லை. 1961இல் நிறுவப்பெற்று, 2020ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற உலக உணவுத் திட்டம், முற்றிலும் மனமுவந்து தரப்படும் நன்கொடைகளையே நம்பியுள்ளது. அவற்றுள் பெரும்பகுதி அரசுகள் தருவது. எந்த அரசும் இவ்வளவு தந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எனவே ஒரு நாட்டில் ஆட்சியின் போக்கு மாறினால், வேறொரு கண்டத்தில் கஞ்சி ஊற்றும் அடுப்பு அணைகிறது. நெடுங்காலம் மிகப் பெரும் கொடையாளராக இருந்த அமெரிக்கா, தன் வெளிநாட்டு உதவி முகமையின் பணிகளை 2025 ஜூலையில் முடித்துக்கொண்டது. அவ்வாண்டில் தன் வருவாய் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என உலக உணவுத் திட்டம் மதிப்பிட்டது.

இந்நிலையில் நம் பாகூரை நினைத்துப் பார்ப்பது தகும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஆண்டுதோறும் மன்னனின் மனநிலையைப் பார்த்துக் கேட்டுப் பெறும் கொடையாக அஃது அமையவில்லை. செம்பில் பொறிக்கப்பட்ட நிலையான ஏற்பாடாக அமைந்தது. கல்விக்கு அத்தகைய ஏற்பாட்டைச் செய்த முன்னோரின் அறிவு, பசிப்பிணி மருந்துக்கும் பொருந்தும். உலக அளவில் 1991 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை இயற்றிய 46/182ஆம் தீர்மானமும், 2006இல் விரிவாக்கப்பட்ட மைய அவசரகால நிதியும் இத்திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடிகளாகும். தேவையோடு ஒப்பிட அவை மிகச் சிறியன.

தமிழகத்தில் நாம் அறிந்த அண்மை எடுத்துக்காட்டு 2022ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இலங்கையில் பொருளாதாரம் சரிந்து உணவும் மருந்தும் கிடைக்காத நிலையில், தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை 123 கோடி ரூபாய் மதிப்பில் அனுப்ப முடிவு செய்யப்பட்டது. முதற் கப்பல் மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டது. இது நேரடியாகப் போரால் விளைந்த பசியன்று எனினும், அரசு நிதி எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. வெளியுறவு நடுவண் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆதலால் மாநிலத்தின் பணமும் மாநிலத்தின் அரிசியும் நடுவண் அரசின் இசைவின்றிக் கடல் கடக்க இயலாது. இஃது ஒன்று. இவ்வுதவியைத் தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்காமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் வழங்குமாறு இலங்கைத் தமிழ்த் தலைவர்களே வேண்டினர் என்பது மற்றொன்று. தாம் பட்ட துன்பத்தை மறவாத மக்கள், பசியில் இனம் பார்க்க வேண்டா என்று கூறியது போற்றத்தக்க பண்பாகும்.

வழி: மூடப்பட்ட கடல்

நிதியும் தானியமும் கைவசம் இருந்தாலும் வழி வேண்டும். 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் பிற பொருள்களும் செல்வதில் கடுந்தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. மே இறுதியில் வடமராட்சியில் இலங்கைப் படையின் பெருந்தாக்குதல் தொடங்கியது. இந்திய அரசு ஜூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து 19 படகுகளில் நிவாரணப் பொருள்களை அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றை வழிமறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் ஜூன் 4ஆம் நாள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் உணவுப் பொருள்களை வான்வழி இறக்கின. இதற்குப் பூமாலை நடவடிக்கை என்று பெயர்.

மாணவர்கள் இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 25 டன் என்பது 25,000 கிலோ. ஒரு லட்சம் பேருக்குப் பகிர்ந்தளித்தால் தலைக்குக் கால் கிலோ வரும். குடாநாட்டிலோ பல லட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஆகவே அன்று வானிலிருந்து இறங்கிய உணவு வயிற்றை நிரப்பும் அளவினதன்று. அரசியல் செய்தி என்னும் அளவிலேயே அது பெரியது. இரு அரசுகளும் உடன்பட்டு, அதே ஜூன் திங்களின் பிற்பகுதியில் கப்பல் வழியாகப் பொருள்கள் காங்கேசன்துறையை அடைந்தபோதுதான் உதவி முறையான வடிவம் பெற்றது. விமானம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பசியைப் போக்குவது கப்பலும் லாரியும் மாட்டுவண்டியுமே. உலகில் எங்கேனும் வானிலிருந்து உணவு வீசப்படும் செய்தியைக் காணுந்தோறும் நிலவழி ஏன் மூடப்பட்டது என்று கேட்பதே அறிவுடைமையாகும்.

வழியின் அருமையை ஆப்கானிஸ்தானும் காட்டியது. 2021இல் ஆட்சி மாறிய பின் அங்கு உணவுப் பஞ்சம் தலைதூக்கியது. இந்திய அரசு 50,000 டன் கோதுமை தர முன்வந்தது. இந்தியாவின் களஞ்சியத்தில் கோதுமை இருந்தது. ஆனால் இடையில் பாகிஸ்தான் இருந்தது. இரு நாடுகளும் பேசி வழி திறக்கச் சில திங்கள்கள் கடந்தன. 2022 பிப்ரவரி 22ஆம் நாள்தான் அட்டாரி எல்லையிலிருந்து முதல் லாரிகள் புறப்பட்டன. ஒரு காலத்தில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த இந்தியா, இன்று பிறர்க்கு அனுப்பும் நிலைக்கு உயர்ந்துள்ளது. அவ்வுயர்வில் 1965இல் தொடங்கப்பெற்ற இந்திய உணவுக் கழகத்துக்கும் பங்குண்டு. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது நம் தஞ்சாவூரில் என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி.

உதவியைத் தானியமாகத் தருவதா, பணமாகத் தருவதா என்னும் வினாவும் வழியோடு தொடர்புடையது. இவ்வினா வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மக்களுக்குப் புதியதன்று. 2015இல் புதுச்சேரியில் உணவு மானியத்தை வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. நியாயவிலைக் கடைகள் நெடுநாள் மூடிக் கிடந்தன; 2024இன் இறுதியில் மீண்டும் அரிசி வழங்கப்படலாயிற்று. பணம் வந்தால் வேண்டியதை வாங்கலாம் என்பாரும், பணம் வேறு செலவில் கரைந்துவிடுகிறது, அரிசியே வேண்டும் என்பாரும் நம் தெருக்களிலேயே உண்டு. சந்தை இயங்கும் இடத்தில் பணம் விரைவான உதவியாகும். சந்தை அடைபட்ட இடத்தில், 1760இன் புதுவையில் போல, பொற்காசும் பசியாற்றாது. அத்தகைய இடத்தில் அரசின் நிதி தானியமாகவே சென்று சேர வேண்டும்.

எண்ணிக்கை: கணக்கில் வராதவர்க்குக் கலம் இல்லை

மூன்றாவதாக வேண்டப்படுவது உண்மையான எண்ணிக்கை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பகைவர் கைக்குக் கிட்டலாகாது என்று கருதி வங்காளத்தின் கரையோர மாவட்டங்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் ஆங்கில அரசு அப்புறப்படுத்தியது. விலை ஏறியது, கூலியாட்களும் மீனவரும் வாங்க இயலாது மடிந்தனர். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டோர் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பர். நாட்டில் உணவு இருந்தும் அதனை வாங்கும் உரிமை மக்களுக்கு இல்லாமற் போனதே பஞ்சத்துக்குக் காரணம் என அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இதில் ஒரு செய்தி நெஞ்சைச் சுடுவது. பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று வகுத்துரைக்கும் பஞ்ச விதித்தொகுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயற்றப்பட்டிருந்தது. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால் வேலையும் உணவும் தரும் கடமை அரசுக்கு ஏற்படும். வங்காளத்தில் 1943இல் அவ்வறிவிப்புச் செய்யப்படவே இல்லை. பெயர் சூட்டாத பஞ்சத்துக்கு நிதி ஒதுக்க வேண்டிய கட்டாயமும் இல்லாமற் போயிற்று.

இதன் மறுவடிவத்தை வன்னியில் கண்டோம். 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளரும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறுமாறு இலங்கை அரசு பணித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் உலக உணவுத் திட்டத்தின் லாரித் தொடர்கள் சென்று வந்தன; 2009 ஜனவரியோடு அவையும் நின்றன. தமிழ்நாட்டு மக்களிடமிருந்து திரட்டப்பட்ட 80,000 குடும்பப் பொதிகள் கப்பலில் சென்று, பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழி வழங்கப்பட்டன. 2009 பிப்ரவரி முதல் மே வரை அச்சங்கத்தின் கப்பலே நோயாளரை ஏற்றிவரவும் சிறிதளவு உணவை இறக்கவும் எஞ்சியிருந்த வழியாகும். அந்நாளில் போர்ப் பகுதியில் இருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என அரசுத் தரப்பு கூறியது. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் மட்டும் ஏறத்தாழ 2,80,000 பேர். எண்ணிக்கையைக் குறைத்துக் கூறியதால் உணவும் மருந்தும் குறைந்தன என 2011இல் வெளியான ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழு அறிக்கை சுட்டியது. மக்களை வெளியேற விடாது விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அவ்வறிக்கை கண்டித்தது. கோவூர்கிழார் இருந்திருப்பின் இரு தரப்பாரையும் இடித்துரைத்திருப்பார்.

இவ்விடத்தில் வடமாகாண முஸ்லிம்களையும் மறத்தலாகாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணம், மன்னார் முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஓரிரு மணி நேரமே. அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் பல்லாண்டுகள் அரசு தந்த உலர் உணவுப் பங்கீட்டை நம்பி வாழ்ந்தனர். தமிழ் பேசும் இம்மக்களின் துயரும் வன்னி மக்களின் துயரும் ஒரே கடலின் இரு கரைகளாகும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நம் சமுதாயத்துக்கும் அழகன்று, தமிழுக்கும் அழகன்று.

எண்ணிக்கையில் அரசியல் புகாதிருக்கவே இன்று உலக அளவில் உணவுப் பாதுகாப்பு நிலைகளை ஐந்து படிகளாக வகுத்துள்ளனர். குடும்பங்களுள் ஐந்தில் ஒரு பங்கு உணவின்மையின் உச்சத்தில் இருத்தல், குழந்தைகளுள் 30 விழுக்காட்டினர் கடும் ஊட்டக்குறைவுக்கு உள்ளாதல், 10,000 பேருக்கு நாளொன்றுக்கு இருவர் பசியால் மடிதல் ஆகியன ஐந்தாம் படியான பஞ்சத்தின் அளவைகள். 2024 ஆகஸ்டில் சூடானின் டார்ஃபர் பகுதியிலுள்ள சம்சம் முகாமிலும், 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் காசா நகரை உள்ளடக்கிய பகுதியிலும் பஞ்சம் நிலவுவதாக வல்லுநர்கள் அறிவித்தனர். இரண்டும் மழை பொய்த்ததால் வந்தவை அல்ல. காசாவின் எல்லைக்கு வெளியே உணவேற்றிய லாரிகள் காத்து நின்றன. அளவைகள் நிறைவுறும்வரை காத்திருந்து அறிவிப்பதற்குள் பலர் மடிந்துவிடுகின்றனர் என்பதையும் உணர வேண்டும். மூன்றாம், நான்காம் படிகளிலேயே நிதி சென்று சேருமானால் ஐந்தாம் படி வாராது.

இஸ்லாமிய வரலாறு காட்டும் நெறி

போர்க்காலப் பசியை இஸ்லாமிய வரலாறு தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. மக்கத்துக் குறைஷியர் ஹாஷிம் குலத்தாரோடு கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் இல்லை என்று ஓர் ஒப்பந்தம் எழுதி, அதனைக் கஅபாவில் தொங்கவிட்டனர். அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அவர்தம் உறவினரும் தோழரும் இலைகளை உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

காலம் மாறியது. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்ற யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) அவர்கள், மக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த தானியத்தை நிறுத்தினார். குறைஷியர் இன்னும் பகைவராகவே இருந்த காலம் அது. அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முறையிட்டு எழுதினர். தம்மைப் பட்டினியிட்டவர்களைத் தாம் பட்டினியிடும் வாய்ப்புக் கைக்கு வந்திருந்தும், தானியத்தை விடுமாறு அண்ணலார் துமாமாவுக்கு ஆணையிட்டனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். உணவு போர்க்கருவி அன்று என்னும் நெறி ஜெனீவாவுக்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே நடைமுறையில் காட்டப்பட்டது. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதைப் போற்றும்போது சிறைப்பட்டவனையும் உடன் சேர்த்துக் கூறுவதும் இந்நெறிக்கு அரணாகும். சிறைப்பட்டவன் என்போன் பெரும்பாலும் எதிர்த்தரப்பினன் அல்லனோ?

அரசின் கடமைக்கு ஹிஜ்ரி 18இல் வந்த சாம்பல் ஆண்டுப் பஞ்சம் சான்றாகும். அப்பஞ்சம் வறட்சியால் வந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலைத் திறந்தார். போதாத நிலையில் சிரியா முதலிய மாகாணங்களின் ஆளுநர்களுக்கு எழுதி ஒட்டகச் சுமைகளாகத் தானியம் வருவித்தார். உண்பவர்களை எண்ணிக் கணக்கெடுக்கச் செய்தார். மக்கள் உண்ணும்வரை நெய்யும் இறைச்சியும் தாம் உண்ணாதிருந்தார். நிதி, வழி, எண்ணிக்கை ஆகிய மூன்றும் அவருடைய நிருவாகத்தில் ஒருங்கே அமைந்திருந்தமை புலனாகிறது.

நம் ஊர்களும் நம் கடமையும்

ரமலான் திங்களில் சுல்தான்பேட்டையிலும் பிற ஊர்களிலும் பள்ளிவாசல் கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்களின் மதத்தை எவரும் கேட்பதில்லை. தொலைவிலுள்ள போர்ப் பகுதிகளுக்காக நம் ஜமாஅத்துகள் உண்டியல் ஏந்துவதும் உண்டு. இவ்வீகை தொடர வேண்டும். ஆயினும் உண்டியல் அரசுக்கு மாற்றாகாது. தனியார் திரட்டும் பொருள் எல்லை கடக்கவும் அரசின் இசைவு வேண்டும். மூடிய வழியைத் திறக்கச் செய்யும் ஆற்றல் அரசுகளுக்கே உண்டு. ஆதலால் சமுதாயப் பெரியோர் பொருள் தருவதோடு நின்றுவிடாது, அரசைக் கேட்கவும் வேண்டும். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினரும் மாநிலங்களவையில் ஓர் உறுப்பினரும் உளர். அயல்நாட்டு நிவாரணத்துக்கு நடுவண் அரசு எவ்வளவு ஒதுக்கியது, அஃது எவ்வழியில் சென்றது, எத்தனை பேரை அடைந்தது என்னும் மூன்று வினாக்களை அவர்கள் வாயிலாக எழுப்பலாம்.

பசியால் துரத்தப்பட்டவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவைக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983 முதல் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். முகாம்களில் வாழ்வோருக்கு மாதந்தோறும் பணக்கொடையும் குறைந்த விலையில் அரிசியும் அரசு வழங்கிவந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அறிவித்து, குடும்பத் தலைவருக்கான கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஒரு முற்றுகையின் செலவு அதன் முடிவோடு முடிவதில்லை. ஒரு தலைமுறைக்கு நீள்கிறது என்பதற்கு அம்முகாமே சான்று. நம் மாணவச் செல்வங்கள் விடுமுறையில் ஒருநாள் அங்குச் சென்று, முதியோர் கூறும் வரலாற்றைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அஃது எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடமாக அமையும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில செய்திகள் தெளிவாகின்றன. போர்க்காலப் பசி மனிதர் செய்வது. ஆதலால் மனிதரால் தடுக்கத்தக்கது. அதற்கு அரசு தரும் பொருள் இரக்கத்தால் போடும் பிச்சையன்று. மக்களைப் பட்டினியிடலாகாது என்னும் நெறியிலிருந்து பிறக்கும் கடன். அக்கடன் நிறைவேற நிலையான நிதியும், தடையற்ற வழியும், பொய்யற்ற எண்ணிக்கையும் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் அமுதசுரபி பொய்கையின் அடியில் கிடக்கும்.

ஆபுத்திரன் பொய்கையில் விட்ட பாத்திரம் அங்கேயே அழிந்துவிடவில்லை என்பதையும் காப்பியம் கூறுகிறது. மணிமேகலை அதனைப் பெற்றுப் புகார் நகரின் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தாள். பின்னர்ச் சோழ மன்னனிடம் அவள் கேட்டது பொன்னோ நிலமோ அன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள்; மன்னனும் இசைந்தான். அடைத்து வைக்கும் இடத்தை உணவளிக்கும் இடமாக மாற்றும் ஆற்றல் அரசிடம் உள்ளது. அதனைக் கேட்டுப் பெறும் துணிவு மக்களிடம் இருத்தல் வேண்டும். அத்துணிவை நம் இளைஞர்க்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.